ஆறாவது ஆட்டமும் அதற்கு முன்னால் நிற்கும் ஐந்தும்

அன்பு மகள் தூவாவுக்கு, ஹெர்னசாண்டிலிருந்து அப்பா ராக்னர் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் பூனையும் ஏதோ உயிரோடு இருக்கிறோம். மால்மோவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொண்டு, சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ நான்கு வருஷம் பாடுபட்ட 'கல்தீவு' வீடியோ கேமின் ஆறாம் பாகம், அதை ஓட்டும் புதுப் பெட்டியோடு கிறிஸ்துமஸுக்கே வந்து சேர்ந்தது. இப்போது மே மாதம். உறையைக்கூட நான் பிரிக்கவில்லை. ஞாயிறுதோறும் போனில் "விளையாடினியாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், கேட்பதையே நிறுத்திவிட்டாய். வானிலையைப் பற்றிப் பேசுகிறாய். பெற்ற மகள் அப்பனிடம் வானிலை பேசுகிறாள்! கோடைப் பண்டிகைக்கும் வரமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பழசு அஞ்சும் வேணாம்ப்பா, நேரா ஆறுக்கு வந்துடு" என்று நீ சொன்னது உண்மைதான். ஆனால் என்னை உனக்குத் தெரியாதா? முப்பது வருஷத்துக்கு மேல் மஞ்சள் படகில் கார்களை அக்கரை சேர்த்தவன். ஒருவனையாவது வரிசையில் முந்த விட்டிருப்பேனா? நீ பிறக்க அம்மாவுக்கு வலி எடுத்த அன்று, எல்லாரும் வழிவிட்டும் நம் காரை ஏழாவதாகத்தான் நிறுத்தினேன். அம்மா அதை இன்னும் மறக்கவில்லை. ஸ்வீடனில் பிறந்த ஒருவன் ஐந்து பேரை இடித்துத் தள்ளிவிட்டு ஆறாவதிடம் போய் நிற்பதாவது!

ஆகவே முதலாவதிலிருந்து தொடங்கினேன். பிடித்தது சனி. அதை ஓட்டும் பழைய பெட்டி பழஞ்சாமான் சந்தையில் கிடைத்தது, அதற்குப் பொருந்தும் டிவி பக்கத்து வீட்டு ஹோக்கனின் கொட்டகையில் கிடந்தது, அதைத் தூக்கியதில் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு இப்போது என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. ஆட்டத்திலோ கதாநாயகன் கட்டம் கட்டமாக இருக்கிறான், எது மூக்கு, எது வாள் என்றே தெரியவில்லை, ஒரு வாத்து வந்து முட்டினால் செத்துப்போகிறான், ஜனவரி முழுக்க நான் வாத்து முட்டியே செத்தேன். இரண்டாவதில் எல்லாரும் வாய் திறந்து பேசுகிறார்கள், கிடைத்ததோ டேனிஷ் பதிப்பு, டேனிஷ்காரர்கள்தான் வாயில் சுடச்சுடக் கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவார்களே, ஓடு என்கிறானா உட்கார் என்கிறானா என்று புரியாமல் உட்கார்ந்தேன், டிராகன் தின்றது. மூன்றாவதில் பாதித் தீவைக் கடந்திருந்தபோது பூனை சூட்டுக்காகப் பெட்டிமேல் ஏறிப் படுத்து அணைக்கும் பொத்தானை அமுக்கிவிட்டது, அத்தனையும் போச்சு. கட்டைவிரல் வீங்கி மருத்துவரிடம் போனேன். "அப்படி என்னதான் வேலை செஞ்சீங்க?" என்றாள். "தீவைக் காப்பாத்திக்கிட்டிருந்தேன்" என்றேன். தலைக்கும் சேர்த்துப் பரிசோதனை எழுதிக் கொடுத்தாள்.

அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள். "ஆளே இல்லாத மருந்துக்கடையிலயும் நம்பர் சீட்டு எடுத்துக்கிட்டு நிக்கிற மனுஷன்யா நீ. ஊரான் பெத்த பிள்ளைங்க செஞ்சதையெல்லாம் உக்காந்து பாக்குற. நம்ம பொண்ணுதான் வரிசையில கடைசியா நிக்குது."

முந்தினால் மனசு குத்துகிறது, முந்தாவிட்டால் மகள் போய்விடுவாள் போலிருக்கிறது. ஆறாவதுக்கு முன்னால் இன்னும் மூன்று ஆட்டம் பாக்கி. பயமாக இருக்கிறது தூவா.

உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். என்மேல் கோபம் ஆறாவிட்டாலும் அம்மாவிடம் பேசு.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில், "நான் முந்துறேன், எனக்கென்ன வெக்கம்?" என்று அம்மா ஆறாவதன் உறையைப் பிரித்துப் புதுப் பெட்டியில் போட்டுவிட்டாள். 'இந்தத் தீவுக்கு முன்பு வந்திருக்கிறீர்களா?' என்று ஆட்டம் கேட்டது. 'இல்லை' என்று அமுக்கினாள். மஞ்சள் படகு ஒன்று வந்தது. கிழட்டுப் படகுக்காரன் தொண்டையைச் செருமிவிட்டு, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்தபடி காபியை உறிஞ்சினான். "புதுசா? பரவால்ல, உக்காரு. அக்கரை போறதுக்குள்ள முன்கதை எல்லாம் சொல்லிடுறேன். ஆனா வரிசையில ஏறணும்" என்றான். "ஐயோ, இது நீதான்யா!" என்று அம்மா கத்தினாள்.

மறுபடி தொடங்கி, 'ஆம்' என்று அமுக்கிப் பார்த்தேன். படகு வரவே இல்லை, நேரே தீவில் இறக்கிவிட்டது. ஐந்தையும் முடித்துவிட்டு வந்திருந்தால் நான் 'ஆம்' என்றுதானே அமுக்கியிருப்பேன்! இந்தப் படகையா நான்கு வருஷமாகச் செய்தாய்? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

மேலே எழுதியதைப் படிக்காதே. அதன்பின் நாங்கள் தீவில் இறங்கவே இல்லை. கரை வந்ததும் மறுபடி முதலிலிருந்து 'இல்லை' என்று அமுக்கிப் படகில் ஏறிக்கொள்கிறோம். ஒரே ஒரு தப்பு: அவன் இரண்டு கட்டி சர்க்கரை எடுக்கிறான். நான் ஒன்றுதான். அம்மா மூன்று என்கிறாள். பண்டிகைக்கு வந்து நீயே எண்ணிப் பார்.