மொன்சூன் கார்டனுக்குப் போய்வந்த விபரம்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் வருங்காலச் சம்பந்தி திரு. பற்றிக் அவர்களுக்கு,

வெள்ளவத்தையிலிருந்து சுந்தரலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கு என் இடுப்பைத் தவிர எல்லாரும் சுகம். இடுப்பின் விபரம் கீழே வரும்.

போன ஞாயிறு உங்கள் வீட்டில் நடந்ததை, நீதிமன்றச் செய்தி எழுதிப் பழகியவன் என்ற முறையில், கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். கலியாணம் தேவாலயத்திலா கோயிலிலா என்ற பெரிய கேள்வியைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் தீர்த்துவிட்டோம்: காலையில் உங்கள் ஃபாதர், பின்னேரம் எங்கள் ஐயர். கலியாணப் பதிவு எழுத்து முடிந்ததும் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு ட்ரிப் போவோம் என்று உங்கள் மனைவி சொன்னதில்தான் வினை தொடங்கியது. நாங்கள் வருஷாவருஷம் போகிற ஜம்போ வேவ் தண்ணீர்ப் பார்க்குக்கே போவோம் என்றேன். "அது பார்க்கே? தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில ஒரு ராட்டினம்" என்றீர்கள். "உங்கட மொன்சூன் கார்டனில கியூவில நிண்டே பிள்ளையளுக்கு மீசை முளைச்சிடும்" என்று நீங்கள் வருஷாவருஷம் போகிற பார்க்கைச் சொன்னேன். நீங்கள் எழுந்து, எனக்கு வெட்டி வைத்த கேக்கைத் திரும்பவும் ஃப்ரிட்ஜில் வைத்தீர்கள். அன்றிலிருந்து உங்கள் மகள் றஷ்மி எங்கள் மகன் தயாபரனின் போனை எடுப்பதில்லை. அவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான்.

"எழுத்துக்கு நாளும் வச்சாச்சு. பாக்காத இடத்தைப் பற்றி நீங்க பேப்பரில எழுதுவீங்களோ? போய்ப் பாத்திட்டு வந்து கதையுங்கோ" என்றா என் மனைவி சரோஜினிதேவி. ஆகவே நேற்று உங்கள் பார்க்குக்குப் போனோம். ஜம்போ வேவில் சாப்பாடு கொண்டுபோகலாம், அந்தப் பழக்கத்தில் இவ ஒரு சட்டி புளிச்சோறும் அவிச்ச முட்டையும் கட்டிக்கொண்டு வந்திட்டா. வாசலில் செக்கியூரிட்டி மறித்தான். "மல்லி" என்று தம்பி முறை கூப்பிட்டு, இது மருந்து என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "மாத்தயா, முட்டை சாப்பாட்டுக்கு முன்னமா பின்னமா?" என்று கேட்டான். எறிய மனமில்லாமல் வாசலிலேயே இருந்து முழுச் சட்டியையும் முடித்தோம். அந்த வயிற்றோடு பெரிய சறுக்கில் ஏறினால் என்ன நடக்கும், இரண்டாவது வளைவில் நான் இறுகிப்போய் நிண்டிட்டன், மேலே இருந்து ஒரு தடித்த மனுசன் வந்து மோதி, ரெண்டு பேருமாய்த்தான் கீழே விழுந்தது. இடுப்பு அங்கே போனது.

அந்த ஆள் உங்கள் ஊர் தாஸிம். என் தலையில் இருந்த ஜம்போ வேவ் தொப்பியைக் கண்டிட்டு, "அங்கிள், அந்தப் பக்கத்து ஆளா? அப்ப உங்களுக்கு நடக்கவே ஏலாத மட்டும் காட்ட வேணும்" எண்டார். காட்டினார். ஒவ்வொரு கியூவிலும் தன் சொந்தப் பார்க் மாதிரிப் பெருமையாய் விளக்கம் சொன்னார், அவர் மனுசி என் இடுப்புக்கு எண்ணெய் வாங்கித் தந்தா. உங்கள் பக்கத்து ஆட்கள் நல்ல மனுசர், பற்றிக். சறுக்கும் எங்களுடையதைவிடப் பெரிது. ஒப்புக்கொள்கிறேன். ட்ரிப் மொன்சூன் கார்டனுக்கே போகட்டும். றஷ்மியை மட்டும் போனை எடுக்கச் சொல்லுங்கள்.

மாதாவும் பிள்ளையாரும் கலந்து பேசி உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

அன்புடன்,
சுந்தரலிங்கம்

பின்குறிப்பு: இதைத் தயாபரனுக்கு வாசித்துக் காட்டினேன். "ஐயோ அப்பா, சமாதானமாகிடாதேங்கோ" என்கிறான். அவனுக்குச் சின்னனிலிருந்தே தண்ணீர் பயமாம், றஷ்மிக்கு ராட்டினத்தைக் கண்டாலே தலைசுற்றிச் சத்தி வருமாம். வருஷாவருஷம் பெற்றவர்களுக்காகத்தான் அவரவர் பார்க்குக்கு வந்தார்களாம். நாங்கள் ராசியானால் ட்ரிப் போக வேண்டி வரும் என்று கோபம் மாதிரி நடித்திருக்கிறார்கள்; வாட்ஸ்அப்பில் விடியவிடியக் கதைதானாம். எழுத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே மேலே ஒப்புக்கொண்ட அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். எங்கள் சறுக்குத்தான் பெரிது. நம்பாவிட்டால் வாற ஞாயிறு ஜம்போ வேவுக்கு வந்து பாருங்கள், வாடகைக்கு வான் பேசிவிட்டேன். பிள்ளைகள் வீட்டில் இருக்கட்டும்.