கல் முறுக்கும் கடமான் கறியும்

புகுந்த வீட்டில் ஒரு புது மருமகள் எதை வேண்டுமானாலும் கெடுக்கலாம். குழம்பில் உப்பை இரண்டு தடவை போடலாம். மாமியாரின் பட்டுப் புடவையைச் சோடா உப்பில் ஊறவைக்கலாம். கொஞ்ச நாள் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். ஆனால் வேட்டையைக் கெடுத்தால் மட்டும் விடவே மாட்டார்கள். எனக்கு இப்போது மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பதே மறந்துபோகிறது. அந்தக் கடமானை மட்டும் என்னை மறக்க விட்டதே இல்லை இவர்கள்.

நான் கோபிச்செட்டிபாளையத்துப் பெண். எங்கள் ஊரில் வேட்டை என்றால் நெல் வயலில் எலி பிடிப்பது. குன்னூர் பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி மாட்டியிருந்தது. (அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். அன்றைக்கே நான் திரும்ப பஸ் ஏறியிருக்க வேண்டும்.)

அப்போதெல்லாம் சர்க்காரில் பாஸ் வாங்கிக்கொண்டு வேட்டைக்குப் போகலாம். இப்போது மானைப் பார்த்துக் கண்ணடித்தாலே கேஸ். என் மாமனார் வருடா வருடம் பாஸ் வாங்குவார், வருடா வருடம் குடும்பத்தோடுதான் போவார். சுதந்திரம் வந்ததும் எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரை, கடையில் விட்டுப்போன பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றுதான் இதற்கெல்லாம் காரணம். அதில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஆப்பிரிக்கக் காட்டில் சிங்க வேட்டைக்குப் போன படம் இருந்தது. துரை துப்பாக்கியோடு நிற்கிறார், துரைசாணி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிறாள், பக்கத்தில் செத்த சிங்கம். மாமனார் அதை வெட்டிக் கல்லாப் பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். துரைசாணி போகலாம், உங்க அத்தை போகக்கூடாதா என்பது அவர் கட்சி. அத்தைக்கும் ஒரு மடக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் அத்தை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கீழே உட்கார்ந்துகொண்டு மசாலாத் தூக்கை நாற்காலியில் வைப்பார்.

மசாலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வழக்கப்படி மிருகத்தைச் சுட்ட பிறகு மசாலா அரைப்பதில்லை. முந்தின நாளே மல்லி, மிளகாய், பட்டை, கிராம்பு எல்லாம் வறுத்து அம்மியில் அரைத்துத் தூக்குப்போசியில் அடைத்து எடுத்துப் போக வேண்டும். மசாலா தயாராக இருந்தால்தான் மிருகம் வரும் என்பது அத்தையின் நம்பிக்கை.

இன்னொரு வழக்கமும் உண்டு. சுட்ட கறியில் எப்படியும் ஒன்றிரண்டு ஈயக் குண்டு தங்கிவிடும். சாப்பிடும்போது அது யார் பல்லில் தட்டுப்படுகிறதோ, அவர் அதை எடுத்து டம்ளருக்குள் டிங் என்று போட வேண்டும். உடனே அவர் இலையில் இன்னொரு கரண்டி கறி விழும். வெளி ஆள் பல்லில் தட்டுப்பட்டால் அன்றிலிருந்து அவர் நம்ம ஊட்டு ஆள். அப்படி வந்த குண்டுகளையெல்லாம் கூடத்து அலமாரியில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார்கள். எல்லாம் நசுங்கிக் கோணிப்போய்க் கிடக்கும்.

நான் போன அந்த முதல் வேட்டை மற்ற வருடங்களைப் போல விளையாட்டு இல்லை. என் நாத்தனார் கமலத்துக்குக் கோத்தகிரியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. சிம்ஸ் பார்க் பழக் கண்காட்சியில் ஊரே அன்னாசிப் பழத்தில் செய்த யானையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் கமலத்தைப் பார்த்திருக்கிறான். கமலமும் யானையைப் பார்க்கவில்லை. ஆனால் பையனின் அப்பா லேசுப்பட்டவர் இல்லை. அவரும் வேட்டைக்காரர். பொய் என்றால் ஆகாது. தேயிலைத் தோட்டத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னதற்காக ஒரு பெண் வீட்டாரைப் பாதிக் காபியில் விட்டுவிட்டு எழுந்து வந்தவர் என்று பேர்.

அப்படிப்பட்டவரிடம் என் மாமனார் வாயை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வாருங்கள், கடமான் கறி விருந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். விருந்துக்கு நாள் குறித்தபோது கடமான் மசினகுடிக் காட்டில் நிம்மதியாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் இரவல் ஜீப்பில் கிளம்பினோம். மாமனார், அத்தை, என் வீட்டுக்காரர், கமலம், நான், மடக்கு நாற்காலி, மசாலா. கல்லட்டி இறக்கத்தில் வண்டி வளையும்போதெல்லாம் நான் மசாலாத் தூக்கின் மேல் விழுந்தேன். கமலம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு காதோரம் சொன்னாள்.

“அண்ணி, இந்த எடம் மட்டும் தகையலீன்னா நான் வேற யாருக்கும் கழுத்த நீட்டமாட்டேன். அந்தக் கடமான் வந்தே ஆகோணும்.”

நான் என் பங்குக்கு வேண்டிக்கொண்டேன். மடியில் அம்மா வீட்டுச் சீர் முறுக்கு ஒரு பொட்டலம் இருந்தது. நானே கூட இருந்து சுட்டது. மாவு பதம் தவறி, தரையில் போட்டால் தரைக்குத்தான் சேதம் என்கிற அளவுக்கு வந்திருந்தது. புகுந்த வீட்டில் யாரும் ஒன்றைக்கூட முழுசாகத் தின்று முடிக்கவில்லை. கௌரவத்துக்காக நான் மட்டும் தின்றுகொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஒரு நீர்க்குட்டைக்குப் பக்கத்தில் உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் மறைந்துகொண்டோம். வேட்டைக்காரர் ஒருவர்தான் மறைந்திருப்பது உலக வழக்கம். யானைக்குப் பயந்து ஜீப்பில் தனியாக இருக்க அத்தை சம்மதிக்கவில்லை. அத்தை வந்ததால் கமலம் வந்தாள், கமலம் வந்ததால் நான் வந்தேன். குரங்குக்குப் பயந்து மசாலாவும் வந்தது. காடு முழுக்கப் பட்டையும் கிராம்பும் மணக்க, ஒரு கல்யாணப் பந்தியே புதருக்குள் உட்கார்ந்திருந்தது. மாமனார் எங்களைத் திரும்பிப் பார்த்தார். மூச்சுக் கூட விடக்கூடாது என்று சைகை காட்டினார்.

எனக்குப் பசி உயிர் போனது. பயம் வந்தால் எனக்குப் பசிக்கும். (இன்றும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்க வைத்தால் பன் கேட்பேன்.) முறுக்கில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். கடிக்கவில்லை, சத்தியமாகக் கடிக்கவில்லை. சத்தம் வரக்கூடாது என்று மிட்டாய் மாதிரி கன்னத்தில் ஒதுக்கி ஊறவைத்தேன். ஊறட்டும், கரையட்டும் என்று பொறுமையாக இருந்தேன். அது அப்பேர்ப்பட்ட முறுக்கு. நனைந்ததே தவிர அசையவில்லை.

அப்போதுதான் அது வந்தது. எருமைக்கன்று உயரம், கிளை கிளையாகக் கொம்பு, கழுத்தில் பிடரி மயிர். தண்ணீருக்குக் குனியாமல் எங்கள் புதரையே பார்த்தது. மசாலா வாசனை அதன் மூக்குக்கு எட்டியிருக்க வேண்டும். அத்தை கை கூப்பினார். மாமனார் துப்பாக்கியை மெல்லத் தூக்கினார். கமலத்தின் விரல்கள் என் கையைப் பிசைந்தன. அவ்வளவு பெரிய மிருகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பயத்தில் பல்லைக் கடித்தேன்.

கடக்.

இரண்டு மலைக்கு நடுவில் அந்தச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. கடமான் ஒரே தாவலில் காணாமல் போனது. மாமனார் திடுக்கிட்டு இரண்டு குழலையும் ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டார். தலைக்கு மேலே மரத்தில் இருந்த மந்தி ஒன்று பயத்தில் செய்யக்கூடாததைச் செய்தது. அது மாமனாரின் வேட்டைத் தொப்பியில் விழுந்தது. மாமனார் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு மீதி முறுக்கை மென்றேன். இனிமேல் ஊறவைத்து என்ன பிரயோஜனம்.

“என்னம்மிணி அது?” என்றார்.

“முறுக்குங்க மாமா.”

அன்று இரவே குன்னூருக்குத் திரும்பினோம். கமலம் வழியெல்லாம் விசும்பிக்கொண்டே வந்தாள். அந்த விசும்பல் என் காதில் விழ விழ, இந்தக் கல்யாணத்தை எப்படியாவது நடத்தியே தீருவது என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் என்ன ஆகும் என்று அப்போது எனக்கும் தெரியாது.

ஞாயிறு விடிந்ததும் அத்தை என் வீட்டுக்காரரைக் கறிக்கடைக்கு விரட்டினார். ஊரே இளங்கறி கேட்கும். இவர் கடமான் மாதிரி தெரிய வேண்டும் என்று நல்ல முத்தின கிடாவாகக் கேட்டிருக்கிறார். கறிக்கடை பாய் ஏன் என்றே கேட்கவில்லையாம். வேட்டைக்குப் போய் வந்தீர்களா என்று மட்டும் விசாரித்துவிட்டு, கேட்காமலேயே துண்டுகளைப் பெரிதாக வெட்டிக் கொடுத்தாராம். குன்னூரில் அப்போது வேட்டைக்காரர்கள் அதிகம். பாய்க்கு நல்ல வியாபாரம்.

மாமனார் இதில் கலந்துகொள்ள மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் தடுக்கவும் இல்லை. கறி வெந்தது. வாசனை அமோகம். எனக்கு மட்டும் ஒரு குறை தெரிந்தது. சுட்ட மிருகம் என்றால் குண்டு எங்கே? குண்டு கிடைத்தால் சம்பந்தி நம்ம ஊட்டு ஆளாகவும் ஆகிவிடுவாரே! ஒரே குண்டில் இரண்டு காரியம். அலமாரிப் பாட்டிலில் கைவிட்டேன். சட்டென்று அருவருப்பாக இருந்தது. யார் யாரோ கடித்துத் துப்பிய குண்டுகள். சம்பந்தியாகப் போகிறவருக்கு எச்சிலையா வைப்பது? சுத்தபத்தமான வீட்டில் வளர்ந்தவள் நான். புதுத் தோட்டா ஒன்றை எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டே அட்டை மூடியைக் கத்தியால் நெம்பிக் கொடுத்தார். பட்டாணி அளவில் பளபளவென்று ஒரு குண்டு. அதை வெந்நீரில் மஞ்சள் போட்டுக் கழுவி, நல்லியெலும்பின் துவாரத்தில் செருகி, மத்தியானம் மகனோடு வந்து பந்தியில் உட்கார்ந்த கோத்தகிரிக்காரர் இலையில் என் கையாலேயே பரிமாறினேன்.

அவர் வெள்ளை மீசையைத் தடவி விட்டுக்கொண்டு எலும்பை எடுத்தார். கதவுக்குப் பின்னால் கமலம் நின்றாள். அவர் உறிஞ்சிப் பார்த்தார், வரவில்லை. கடித்தார்.

கடக்.

முந்தின நாள் கேட்ட அதே சத்தம். முன்பல்லில் ஒரு சில்லு போயிருந்தது. அவர் குண்டை உள்ளங்கையில் துப்பினார். டிங் என்று டம்ளரில் போடுவார் என்று நான் இன்னொரு கரண்டி கறியோடு தயாராக நின்றேன். அவர் போடவில்லை. துளிகூட நசுங்காத குண்டை விரலால் உருட்டினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“ஏனுங்க, இந்தக் கடமான் ரொம்ப மரியாதை தெரிஞ்சதுங்க. குண்டு மேல படாமலே செத்திருக்குது.”

என் வீட்டுக்காரர் மோரைக் குடிக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. மாமனாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கோத்தகிரிக்காரர் இலையிலிருந்து கையை எடுத்து, மறு கையைத் தரையில் ஊன்றி எழுந்திருக்கப் போனார். கதவுக்குப் பின்னாலிருந்து கமலத்தின் வளையல் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்தான் என்னைப் பேச வைத்தது.

“மாமா மேல தப்பு இல்லீங்க. அது கிடாக் கறிங்க. கடமான நாந்தான் முறுக்கு தின்னு வெரட்டிட்டேன். குண்டையும் நாந்தானுங்க வெச்சேன். எச்சக் குண்டு வெக்கலீங்க. மஞ்சத்தண்ணியில சுத்தமாக் கழுவித்தான் வெச்சேன்.”

கோத்தகிரிக்காரர் என்னையே பார்த்தார். கழுவியா வைத்தாய் என்று ஒரு தடவை கேட்டார். ஆமாங்க, வெந்நீரில் என்றேன். அவ்வளவுதான். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு புரைக்கேறி, அத்தை அவர் தலையில் தட்ட ஓடினார். மாமனாரும் சிரித்தார், அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டு. பையன் கதவுப் பக்கம் பார்த்துச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியவர் அந்த முறுக்கைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்றைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, கடிக்காமல் இலையோரம் வைத்துவிட்டார்.

“பொய்யும் சொல்லத் தெரியல, பலகாரமும் சுடத் தெரியல. இந்த ஊட்டுல பயமில்லாம பொண்ணு எடுக்கலாமுங்க,” என்றார்.

குண்டு அப்போதுதான் டம்ளரில் விழுந்தது. டிங். கதவுக்குப் பின்னால் கமலம் அழுதாள், இந்த முறை சந்தோஷத்தில். எனக்கும் அழுகை வந்தது. கரண்டிக் கறியை அவர் இலையில் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. கல்யாணப் போட்டோவில் சம்பந்தி மட்டும் வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்பார். பார்க்கிறவர்கள் அவருக்கு என்ன கோபமோ என்பார்கள். கோபம் இல்லை, பல். பிற்பாடு வேட்டைக்குத் தடை வந்தது. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். மாமனாரும் சம்பந்தியும் காலமாகிவிட்டார்கள். பாட்டில் மட்டும் அலமாரியில் இருக்கிறது. நசுங்கிய குண்டுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் உருண்டையாகப் பளபளக்கிறது.

சம்பந்தி கடைசிவரைக்கும் ஒரு பழக்கத்தை விடவில்லை. நான் எதைப் பரிமாறினாலும் எடுத்துக் காதோரம் வைத்து, ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அவரைப் பார்த்து அவர் மகன், அவனைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் என்று அந்தக் குடும்பமே என் கைச் சமையலை ஆட்டிப் பார்த்துத்தான் சாப்பிடும். போன மாதம் கமலத்தின் பேத்தி வந்திருந்தாள். சின்னப் பெண், துப்பாக்கியைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் தட்டில் வைத்த இட்லியை எடுத்துக் காதில் வைத்து ஆட்டினாள். ஏன் சாமி ஆட்டுகிறாய் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. இட்லி என்றால் அப்படித்தான் தின்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.