ஆகாயத்தைத் திருப்பிய தெய்வசிகாமணி

"இன்னிக்கு ஆகாயத்துக்கும் எனக்கும் ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

தெய்வசிகாமணி இப்படிச் சூளுரைத்தபோது காலை மணி ஆறேகால். பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தார். தலைமுடி நாலு திசைக்கும் வழி காட்டிக்கொண்டிருந்தது.

கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த வருஷக் கோடையிலிருந்து லாஸ்பேட்டை மைதானத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் ஏரோப்ளேன் ஓட்டப் பழகினார்கள். மாதத்துக்கு ஒன்று வந்துபோன இடத்தில் இப்போது விடிந்தால் நாலு. ஏறும், சுற்றும், இறங்கும், மறுபடி ஏறும். ஒவ்வொன்றும் தெய்வசிகாமணி வீட்டுக்கு மேலே வந்துதான் திரும்பும். ஓடு கடகடவென்று ஆடும். மில்லில் பாதி ராத்திரிவரை ஷிப்டு பார்த்துவிட்டு வந்து படுத்தவருக்குத் தூக்கம் போச்சு. கொட்டகையிலோ அதைவிடப் பெரிய நஷ்டம். எருமை மிரண்டு பாலை அடக்கிக்கொண்டது. நாலு படி கறந்தது ஒரு படிக்கு இறங்கிவிட்டது. பத்து வீட்டுக்குப் பால் ஊற்றும் அவர் மனைவி கன்னியம்மாள், ஏழு வீட்டுக்குச் சமாதானம் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள்.

"நேராப் போவேன். பழக்கிவிடற வாத்தியாரைப் புடிச்சு, 'முசே, இங்க மனுசன் குடியிருக்கானா இல்லியா'ன்னு கேப்பேன்."

"பிரெஞ்சிலியா?"

"முதல்ல பிரெஞ்சு. மசியலைன்னா தமிழு."

"ரெண்டும் தெரியாதவரா இருந்தா?"

"என் மூஞ்சியப் பாத்தாலே நடுங்கிப்புடுவான்."

"எருமையும் அப்படித்தான் மிரளுதோ என்னமோ" என்று சொல்லிவிட்டு, கன்னியம்மாள் பால் சொம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தெய்வசிகாமணி நிதானமாகக் குளித்தார். கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். சைக்கிளில் ஏறி, வழியெல்லாம் பிரெஞ்சு பேசிக்கொண்டே போனார். மைதானத்தின் கேட் திறந்தே கிடந்தது. தடுக்க ஆளில்லை. பத்தடி உள்ளே வைத்திருப்பார். எதிரே மஞ்சளாக ஒன்று, மூக்கைக் காட்டிக்கொண்டு, நேராக அவரைப் பார்த்தே இறங்கியது.

சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். "ஐயோ" என்ற ஒரே அலறலில் பிரெஞ்சும் தமிழும் தீர்ந்துபோயின. பக்கத்து முந்திரித் தோப்பில் போய்க் குப்புற விழுந்தவர், சத்தம் அடங்கும்வரை முக்கால் மணி நேரம் தலையைத் தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மட்டும் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"போட்டேன் பாரு ஒரு போடு! வாத்தியாரு கையைக் கட்டிக்கினு நின்னாரு."

"அப்படியா! கோட்டெல்லாம் மண்ணா இருக்குதே?"

"அது... ப்ளேனுங்க கிளப்பின புழுதி."

கன்னியம்மாள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதுவே அவருக்குப் பெரிய நிம்மதி.

மறுநாள்தான் அதிசயம் நடந்தது. ஏரோப்ளேன்கள் ஏறின, ஏறிய கையோடு கடல் பக்கம் திரும்பிப் போய்விட்டன. ஓடு ஆடவில்லை. நாலாம் நாள் எருமை நாலு படி கறந்தது. எதிர்வீட்டு முருகையன் எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றான்.

"அண்ணே, ஆகாயத்தையே திருப்பிட்டீங்களே!"

மைதானத்தில் தான் போட்ட அலறல்தான் அவர்கள் மனசைக் கரைத்திருக்க வேண்டும் என்று தெய்வசிகாமணியே நம்பத் தொடங்கினார்.

ஒரு வாரம் கழித்து முருகையன் குண்டைப் போட்டான். "ஞாயித்துக்கிழமை அந்த வாத்தியாரை நம்ம தெருவுக்குக் கூப்பிட்டிருக்கோம். உங்க ரெண்டு பேருக்கும் மாலை!"

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி என்று படுத்துப் பார்த்தார். முருகையன் தூக்கி நிறுத்திக் கொண்டுபோனான். வந்திருந்த வாத்தியார் ஒல்லியான, சிரித்த முகக்காரர். தெய்வசிகாமணியை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரை மறக்க முடியுங்களா? அன்னைக்கு வந்து நியாயத்தை எடுத்துச் சொன்னாரே!" என்றார் வாத்தியார்.

தெரு கைதட்டியது. போன உயிர் திரும்பி வந்த வேகத்தில், தெய்வசிகாமணி தன் கழுத்து மாலையையும் கழற்றி அவருக்கே போட்டுவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் உள்ளே வந்து கேட்டார். "கன்னியம்மா, அந்த மனுசன் எதுக்கு எனக்காகப் பொய் சொன்னாரு?"

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

"நீ அவரை எப்பப் பாத்தே?"

"நீங்க தோப்புல குப்புறக் கிடந்தீங்களே, அப்பத்தான். நான் மைதானத்து ஆபீசுலதான் இருந்தேன், சன்னல்லேர்ந்து நல்லாத் தெரிஞ்சுது. சொம்புல இருந்த பாலைக் காட்டி, எருமை படற பாட்டைச் சொன்னேன். அவரும் மாடு வெச்சிருந்த வூட்டுப் பிள்ளையாம். அப்பவே ஒத்துக்கினாரு. மாலை சேதி கேட்டதும் மறுபடி போயி, இதையும் சொல்லி வெச்சிட்டு வந்தேன்."

கோபம் வருகிறதா என்று தெய்வசிகாமணி தேடிப் பார்த்தார். வரவில்லை. வந்ததெல்லாம் பெருமூச்சுதான்.

"யாராண்டையும் சொல்ல மாட்டியே?"

"நான் ஏன் சொல்றேன்? அந்தப் பிள்ளைங்க காப்பிக்குப் பால் இல்லாம தவிக்குதுங்க. நாளையிலேர்ந்து விடிகாலம் அரைப் படி அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன். நீங்கதான் கொண்டு போவணும்."

"நானா? அங்கியா? அந்த நேரத்துலயா?"

"பயப்படாதீங்க. நீங்க பாலை ஊத்திட்டு வூடு வந்து சேர்ற வரைக்கும் ஒரு ப்ளேனையும் கிளப்பறதில்லைன்னு அவரு எனக்கு வாக்குக் குடுத்திருக்காரு."