சீனாவுக்கு ஒரு நாற்காலி

“குண்டைக் கீழ போடுலே!” என்று லீமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

சாமான் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு செபாஸ்டின் உட்கார்ந்திருந்தான். மடியில் கறுப்புத் துணி மூட்டை. பள்ளி விடுதி நாடகத்தில் சீனாவின் அணுகுண்டாக நடிக்க, சமையலறைப் பூசணிக்காய் ஒன்றைக் காலையில் லீமாதான் அந்தத் துணியில் கட்டி வைத்தாள்.

“போட்டா ஒடஞ்சிரும். போடவா?”

“ஐயோ, போடாத!”

“போடுங்கற, போடாதங்கற. ஐ.நா. சபைத் தலைவி பேசுற பேச்சா இது?”

இன்னும் கால் மணி நேரத்தில் நாடகம். மதுரையிலிருந்து வந்த கல்வி அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்தாயிற்று. நாடகம் கெட்டால், அதை எழுதி நடத்தும் லீமாவை விடிந்ததும் சொந்த ஊரான ஆடலூருக்கே பஸ் ஏற்றிவிடுவதாக விடுதிப் பொறுப்பாளர் அருள்மணி சார் சொல்லியிருந்தார். கொடைக்கானலின் 1964 நவம்பர் குளிரில் கம்பி சில்லென்றிருந்தும் அவள் பிடியை விடவில்லை.

“ஒனக்கு என்னதாம்லே வேணும்?”

“போன மாசந்தான் குண்டு வெடிச்சிருக்கேன். அமெரிக்காவுக்கு மூணு பக்க வசனம், எனக்கு ‘சரி’ன்னு ஒத்த வார்த்தையா?”

“பத்து வரி தாரேன்.”

“நின்னுக்கிட்டா பேசுறது? நாற்காலி?”

லீமா அமெரிக்காவின் நாற்காலியை இழுத்து வந்து கதவோரம் போட்டாள். அமெரிக்காவான கஸ்பாருக்கு மூக்கு விடைத்தது.

“என் நாற்காலிய அவனுக்குக் குடுத்தா நானும் ஒரு முட்டைக்கோஸைத் தூக்கிட்டு வந்துருவேன், ஆமா!”

லீமா பயந்துபோய்த் தன் நாற்காலியைக் கஸ்பாருக்குக் கொடுத்தாள்.

“தலைவிக்கே நாற்காலி இல்லியா? அப்ப நான்தான் தலைவர்!” என்றது சீனா.

மணி அடித்தது.

“ஆயிக்க! என் ஸ்வெட்டரையும் எடுத்துக்க! மாதாவுக்கு ஏத்துற மெழுகுவத்திய ஒனக்கு ஏத்துறேன்! குண்ட மட்டும் வெரசா குடுலே!”

தாழ்ப்பாள் திறந்தது. செபாஸ்டின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பெரிய மனசோடு மூட்டையை நீட்டினான். லீமா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உலகம் பிழைத்தது, அவளும் பிழைத்தாள்.

அதிகாரிக்கு டீ கொண்டுபோன சமையல்காரி கந்தம்மாள் மூட்டையைப் பார்த்து நின்றாள்.

“செபாஸ்டினு கேட்டான்னு குடுத்த என் தலகாணிய இப்பிடிக் குடு தாயி. பூசணிக்காயத்தான் மத்தியானமே சாம்பார்ல போட்டுட்டேனே, நீ கூட ரெண்டு கரண்டி கேட்டு வாங்கித் தின்னியே!”