வலது பக்கம் இருந்தவர் சாரதி அல்ல

கிரவீன், சிட்னி,
ஆடிக் கடைசி வெள்ளி.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி மகேந்திரராஜா அவர்களுக்கு,

இங்கு நானும் விஜயாவும் மகள் வினுஷாவும் முருகன் அருளால் சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உண்மையில் விஜயாவும் வினுஷாவும் சுகம். நான் இல்லை. அங்கே டண்டினொங்கில் நீங்களும் தங்கச்சி சிவாஜினியும் மாப்பிள்ளை இளங்கீரனும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை.

போனில் பேச வேண்டிய விசயத்தைக் கடிதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். திங்கட்கிழமையிலிருந்து நான் எப்போது போன் எடுத்தாலும் தங்கச்சி, "அவர் குளிக்கிறார் அண்ணை" என்கிறார். காலையிலும் குளிக்கிறீர்கள், மத்தியானமும் குளிக்கிறீர்கள், நேற்று இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் குளித்துக்கொண்டிருந்தீர்கள். மெல்பேர்ன் குளிருக்கு இது உடம்புக்கு ஆகாதே என்ற கவலை ஒருபுறம். மறுபுறம், இங்கே எங்கள் பக்கம் இருக்கிற உங்கள் பெரியம்மாவின் மகள் சிவனேஸ்வரி அக்கா உங்களுக்கு ஏதோ சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. என்ன சொன்னார் என்பதும் பென்டில் ஹில் பலசரக்குக் கடை வழியாக எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. "பொம்பிளையின்ர தகப்பன் பட்டப்பகலில போத்தலும் கையுமா, தலையில பூப்போட்ட துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கார் ஓடுறார். ஸ்டேரிங்கில கையே இல்லை." சம்பந்தி, இதில் கார் உண்மை. போத்தல், துண்டு, மூடிய கண் எல்லாமே உண்மை. ஓடியது மட்டும் நானில்லை.

நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். நிச்சயார்த்தத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தபோது பக்கத்து வீட்டு வாசலில் நின்ற வானநீலக் காரை மாப்பிள்ளை சுற்றிச் சுற்றி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஐம்பத்தேழாம் ஆண்டு அமெரிக்கக் கார். பின்னால் இரண்டு பக்கமும் மீன் செட்டை மாதிரி எழும்பி நிற்கும். அதன் மூக்கு எங்கள் வாசலில் நின்றால் வால் அடுத்த வீட்டில் நிற்கும். "அங்கிள், இந்தக் காரில மண்டபத்துக்கு வந்து இறங்கினா எப்பிடி இருக்கும்!" என்று மாப்பிள்ளை சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். பெண்ணைப் பெற்றவனுக்கு மாப்பிள்ளை சும்மா சொல்வது என்று ஒன்று உண்டா? அன்று பின்னேரமே போய் ரொன்னிடம் கேட்டேன். ரொன்தான் காரின் சொந்தக்காரர், எண்பது வயது, அமெரிக்காவில் ஒஹாயோப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். மனைவி டொறத்தியும் அதே ஊர். வேலைக்காக இங்கே வந்தபோது வீட்டுச் சாமானை எல்லாம் விற்றுவிட்டு இந்தக் காரை மட்டும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்களாம். உடனே சம்மதித்தார். ஒரேயொரு நிபந்தனை, தன் ஊர்க்கதையை மாப்பிள்ளை ஒருதரம் முழுதாகக் கேட்க வேண்டும்.

அந்தக் கதையை நான் பலதரம் கேட்டுவிட்டேன். ஊருக்கு ஒரே ஒரு பெரிய தெரு. அதில் ஒரு மருந்துக்கடை. மருந்துக்கடையில் மருந்தைவிட ஐஸ்கிறீம் சோடாதான் கூடுதலாக விற்குமாம். திறந்த வெளியில் படம் போடுவார்களாம், காருக்குள் இருந்தபடியே பார்ப்பார்களாம். சனிக்கிழமை இரவானால் ஊர்ப் பொடியன்கள் எல்லோரும் அந்த ஒரே தெருவில் காரை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டிருப்பார்களாம். "போக இடமில்லாமல் எதற்குப் பெற்றோலை எரித்தீர்கள்?" என்று கேட்டேன். "அதுதானே சந்தோசம்" என்றார். இந்த மனிதரை நம்பித்தான் முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளையை ஒப்படைக்கப் போகிறோமே என்று அப்போதே யோசித்தேன்.

அதனால்தான் ஒத்திகை பார்க்க நினைத்தேன். எங்கள் வாசலிலிருந்து மண்டபத்துக்கு அந்தக் கார் எவ்வளவு நேரத்தில் போகும் என்று தெரியாமல் நான் எப்படி நித்திரை கொள்வது? விஜயா வேண்டாம் என்றாள். "ஆடி மாசத்தில ஒத்திகை பாக்கிறியளோ? உங்களுக்கு மண்டைக்குள்ள ஏதும் இருக்கோ?" என்று ஏசினாள். ஏசியவளே ஓடிப்போய், கண்ணூறு படாமலிருக்க ஒரு தேசிக்காயைக் கொண்டுவந்து சில்லுக்குக் கீழே வைத்தாள். கார் உருண்டதும் தேசிப்புளி வெள்ளை ரயரில் தெறித்தது. ரொன் இறங்கி, தோட்டத்தில் இவ்வளவு இடமிருக்க யார் பழத்தை றோட்டில் வைத்தது என்று கேட்டுக் கேட்டு, தன் கைலேஞ்சியால் ரயரைத் துடைத்து முடிக்கவே நல்ல நேரம் போய்விட்டது.

இப்போது தயவுசெய்து கவனமாக வாசியுங்கோ, முழு விசயமும் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் சாரதி இடது பக்கம்தான் இருப்பார். ரொன்னின் கார் அமெரிக்காவில் செய்தபடியே இன்றும் இருக்கிறது. ஸ்டேரிங் இடது பக்கம், ரொன் இடது பக்கம். இந்த நாட்டில் சாரதி இருக்கிற வலது பக்கத்தில் ஸ்டேரிங்கும் இல்லை ஒன்றும் இல்லை. அங்கே நான் இருந்தேன். அது டொறத்தியின் இடம். அவர் காலமான பிறகு அந்த இடத்தில் இருந்த முதல் ஆள் நீதான் என்று ரொன் சொன்னார். கூரையைத் திறந்துவிட்டார். இந்த நாட்டில் ஆடி குளிர்காலமல்லவா, காற்று காதுக்குள் புகுந்து மூளையைத் தொட்டது. என் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, உள்பெட்டியிலிருந்து டொறத்தியின் பூப்போட்ட தலைத்துண்டை எடுத்து நீட்டினார். அதை எப்படி வேண்டாம் என்பது? கட்டிக்கொண்டேன். பிறகு தன் ஊர்ச் சோடா என்று மண்ணிறப் போத்தல் ஒன்றைக் கையில் தந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் நன்னாரி சர்பத்தின் தம்பிதான் அது, ஒரு சொட்டு வெறி கிடையாது. ஆனால் அந்த முன்சீற் இருக்கிறதே, அது கதிரை இல்லை, கட்டில். கார் தொட்டில் மாதிரி ஆடிப் போகிறது, ரொன் மருந்துக்கடைக் கதையை ஐஸ்கிறீம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார், கலியாண யோசனையில் பல நாளாகக் கண்மூடாத நான் பென்டில் ஹில் சந்தியில் அயர்ந்துபோனேன்.

எதிர்ப்பக்க பஸ் தரிப்பில் முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற சிவனேஸ்வரி அக்கா கையைக் காட்டினாராம். நான் காட்டவில்லையாம், கண்ணை மூடியபடி சிரித்தேனாம். சிரித்திருக்கலாம். வினுஷாவை மணவறையில் கண்டிருப்பேன்.

சம்பந்தி, எனக்கு ஒரே பிள்ளை. அவளுக்கு இந்தக் கதை தெரிந்தும் "சில் பண்ணுங்கோ அப்பா" என்கிறாள், ஆனால் நேற்று மாப்பிள்ளையோடு போனில் கதைத்துவிட்டு வந்தபோது அவளுடைய முகம் சரியில்லை. தகப்பன் குடிகாரன் என்ற பேரோடு அவள் உங்கள் வீட்டுப் படி ஏறுவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குதில்லை. ஆகவே என் கடைசி ஆதாரத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கார் ஓடவே தெரியாது. இங்கேயும் சரி, ஊரிலும் சரி, லைசென்ஸ் எடுத்தவனில்லை. யாழ்ப்பாணத்தில் சைக்கிள், சிட்னியில் ரயில். ஸ்டேரிங் என்ற சாமானை வாழ்க்கையில் ஒருநாளும் இந்தக் கையால் தொட்டதில்லை. இதை எந்தக் கோயிலிலும் கற்பூரம் கொளுத்திச் சொல்வேன். நீங்கள் நம்பினால் போதும்.

தங்கச்சிக்கு எங்கள் அன்பு, மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். உங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீருக்கும் சந்தோசத்துக்கும் ஒருநாளும் குறைவு வராமல் அந்த முருகன் பார்த்துக்கொள்வான்.

என்றும் உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சி. அரியரத்தினம்

பி.கு.: ஒட்டிய கடிதத்தைப் பிரித்து, தபால் கந்தோர் வாசலில் காரின் மூக்கில் வைத்து இதை எழுதுகிறேன். கடிதம் போட ரொன்தான் தன் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். அதே பென்டில் ஹில் சந்தியில் அவருக்குக் காலில் நரம்பு இழுத்துக்கொண்டது. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடிக்கிறது, அவர் "ஐயோ"வை அமெரிக்காவில் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு சீற்றில் வலது பக்கம் அரக்கி நகர்ந்துவிட்டார், நான் இறங்கிச் சுற்றிவந்து இடது பக்கம் ஏறினேன். கியர் தானாகவே மாறுகிறது, அழுத்தினால் போகிறது. தபால் கந்தோர் வரைக்கும் நான்தான் ஓடினேன் சம்பந்தி. எதிர்ப்பக்க பஸ் தரிப்பில் யார் என்று நான் எழுதத் தேவையில்லை. வலது பக்கத்தில் கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்த ரொன்னையும் இடது பக்கத்தில் என்னையும் பார்த்துவிட்டு, "இப்பதான் அண்ணை வடிவு! ஓடத் தெரிஞ்சவையை ஓட விடுங்கோ!" என்று கத்தினார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் போன் எடுத்துவிட்டீர்கள். "அண்ணை, சிவனேஸ்வரி அக்கா இப்பதான் சொன்னவ. நீங்கள் திருந்தி, ஆரோ வெள்ளைக்காரனை ஓட விட்டிட்டுப் பக்கத்தில இருக்கிறியளாம். அந்தாளும் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓடினவராம், ஆனா அவைக்கு அது பழக்கமாயிருக்கும். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாமல் கலியாண வேலையைப் பாருங்கோ" என்றீர்கள். நானும் "ஓம், ஓம்" என்றுவிட்டேன். மகளின் கலியாணத்தைப் பொய்யில் தொடங்க மனம் வரவில்லை, அதனால் கடிதத்தைப் போடுகிறேன். கடைசி ஆதாரம் என்று மேலே எழுதியதை மட்டும் வெட்டிவிட்டு வாசிக்கவும். முகூர்த்தத்துக்கு முன் ரொன்னின் கால் சரியாகிவிடும் என்று நம்புகிறோம். சரியாகாவிட்டால், வேண்டாம், அதை எழுதவில்லை. சிவனேஸ்வரி அக்காவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். நீங்களும் தயவுசெய்து, இதை வாசித்த கையோடு திரும்பவும் குளிக்கப் போய்விடாதேயுங்கோ.