பதினோராம் அத்தியாயம் இல்லாத ராடர்

தானாகப் படித்தவனுக்குப் பேராபத்து ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்தவன் தனக்கு எது தெரியாது என்பதைப் பரீட்சைப் பெறுபேறு வரும்போதாவது அறிந்துகொள்கிறான். தானாகப் படித்தவனுக்கு அந்தச் செய்தியை அறிவிக்க எவரும் இல்லை. எனக்கு அதை ஒரு மோட்டார் சைக்கிள் அறிவித்தது. ஒரே முற்பகலில் ஐந்து தடவை, ஒழுங்கை முழுவதும் கேட்கும்படியாக அறிவித்தது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. தொண்ணூறுகளின் பிற்பகுதி. மல்லாவிச் சந்தைக்கு அருகில் வானொலி திருத்தும் கடையொன்றை நடத்திவந்தேன். (கடை என்றால் நான்கு தடியும் ஒரு தறப்பாளும் ஒரு மேசையும். பெயர்ப்பலகை மட்டும் கடையைவிட அகலம்.) பலகையில் ‘இலத்திரனியல் ஆய்வகம்’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். வன்னியில் மின்சாரம் இல்லை. டோர்ச் பற்றறியைக் கண்டவர்களைத் தேடிப்போய்ப் பார்க்க வேண்டிய காலம். செய்தி கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். சுற்றுபவர் செய்தியில் இலயித்துக் கையை நிறுத்திவிட்டால், சரியாக முக்கியமான இடத்தில் வாசிப்பவரின் குரல் செத்துவிடும்.

அத்தகைய நாளொன்றில் சந்தையில் கச்சான், அதாவது வறுத்த நிலக்கடலை, வாங்கினேன். கச்சானைச் சுற்றித் தந்த காகிதச் சரையை விரித்தால், உள்ளே ஒரு மின்சுற்றுப் படம்! கச்சானைச் சட்டைப்பையில் கொட்டிவிட்டுத் திரும்பி ஓடினேன். கச்சான்காரியின் பெட்டிக்குப் பக்கத்தில் மிகுதிப் புத்தகம் கிடந்தது. ராடர் அலைகளைப் பிடிக்கும் இராணுவ வாங்கிகளுக்கான அதிவேக இலக்கமுறைச் சுற்றுகளைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம்.

“கொண்டு போங்கோ தம்பி, புண்ணியமாப் போகும்,” என்றாள் அவள். “உந்தத் தாள் வழுக்குது. சரை அவிழ்ந்து கச்சான் எல்லாம் கொட்டுண்ணுது.”

பொருளடக்கத்தைப் பார்த்தேன். ஓர் அத்தியாயம் மட்டும் முழுமையாகச் சந்தைக்குப் போய்விட்டிருந்தது. பதினொன்று: ‘போலிச் சைகைகளை இனங்கண்டு விலக்கல்’. எனக்கு ஒரு கவலையும் ஏற்படவில்லை. உண்மையான வானொலிச் சைகையைப் பிடிக்கப் போகிறவனுக்குப் போலியைப் பற்றி என்ன படிப்பு வேண்டியிருக்கிறது என்று எண்ணினேன். என் இளமைக்காலத்துச் சிந்தனைகளில் இதைவிட மூடத்தனமானதொன்றை நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அகராதியை ஒரு கையிலும் புத்தகத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன். படிக்கப் படிக்க உடம்பு புல்லரித்தது! குண்டு வீசும் கிபிர் விமானம் தன் சத்தத்தை முன்னால் அனுப்பி அனுமதி கேட்பதில்லை. இரைச்சல் காதில் விழும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் விமானம் ராடர் வைத்திருந்தால், அது வானொலித் துடிப்புகளை வீசிக்கொண்டே வரும். அவற்றைப் பிடித்து எண்ணக்கூடிய வாங்கியொன்று என்னிடம் இருந்தால், எங்கள் ஒழுங்கைக்கு ஒரு நிமிடம் முன்கூட்டிக் கிடைக்கும். ஒரு நிமிடத்தில் ஒரு குடும்பம் முற்றத்துப் பதுங்குகுழியான பங்கருக்குள் இறங்கிவிடலாம்.

மாங்குளத்துப் பழைய இரும்புக் கடையில் கணினியொன்றின் பச்சைப் பலகை கிடைத்தது. அதில் மட்டத்தேள்களைப் போலக் கால்கள் முளைத்த கறுப்புச் சில்லுகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றின் வேகத்தை என்னவென்று சொல்வேன்! ஒரு செக்கனைக் கோடித் துண்டாக வெட்டி, அதில் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தால், அதற்குள்ளேயே பத்துத் தடவை ‘ஓம்’, ‘இல்லை’ என்று தீர்ப்புச் சொல்லிவிடும். (எங்கள் பகுதியில் ஒரு கையெழுத்துக்கு மூன்று நாள் நடக்க வேண்டும்.) அந்த வேகத்தில் கம்பி ஓரங்குலம் நீண்டாலும் துடிப்பு தள்ளாடிவிடும். ஆகவே பிஸ்கட் ரின்னைத் தட்டையாக்கி, அதன்மேல் சில்லுகளை நெருக்கமாகக் குடியிருத்தினேன். பால்மா ரின்னை வெட்டி வாயகன்ற கொம்பாக்கி வீட்டுக் கூரையில் ஏற்றினேன். துடிப்புகளின் எண்ணிக்கை கூடக்கூட எட்டுச் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். எட்டும் எரிந்தால் ஹோர்ன் அலறும். துடிப்பு நின்றால் ஹோர்ன் உடனே நிற்கும், விளக்குகள் மட்டும் மெல்ல மெல்ல அணையும். ஹோர்னையும் பற்றறியையும் செத்துப்போன மோட்டார் சைக்கிளொன்றிலிருந்து கழற்றியிருந்தேன். பின்னர் அது தன் இனத்தைக் கண்டு கூப்பிட்டதில் வியப்பில்லை.

பற்றறிக்கு மின் ஏற்றுவதற்காக நாள்தோறும் டைனமோ சுற்றியவர் கருப்பையா. மலையகத்திலிருந்து வந்து எங்கள் பக்கத்துக் காணியில் பயிர் செய்துகொண்டிருந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவராயிருந்தும், மரியாதைக்காக என்னை அண்ணே என்பார்.

“அண்ணே, ஆறு வாரமா சுத்துறேன். இது ஒரு சத்தம் போடலியே. தூங்குதுங்களா?”

“விழித்துத்தான் இருக்கிறது. பகைதான் வரவில்லை,” என்றேன், மேடையில் நிற்பவனைப் போல.

அது மாரிகாலம். முகில் மூடியிருந்ததால் எங்கள் பக்கம் விமானம் வரவில்லை. கருவியின் மௌனத்தை அதன் மேன்மைக்குச் சான்றாக நான் எடுத்துக்கொண்டேன்.

இந்நிலையில்தான் யோகராணி. சிறுவர் பாடசாலை ஆசிரியை. பாடசாலை வானொலியைத் திருத்த நான்கு தடவை கொண்டுவந்தா. பின்னைய இரண்டு தடவையும் அதில் ஒரு பழுதும் இருக்கவில்லை. இதை நானும் சொல்லவில்லை, அவாவும் கேட்கவில்லை. அவாவின் தகப்பனார் சின்னத்துரை, நீர்ப்பாசன மேற்பார்வையாளராக இருந்து இளைப்பாறியவர். குடியேற்றத் திட்டத்தில் நெல் செய்பவர். மாப்பிள்ளையின் தொழிலைக் கண்ணால் பார்க்காமல் பெண் கொடுக்கமாட்டேன் என்று இருவரைத் திருப்பி அனுப்பியவர். சனிக்கிழமை என்னைப் பார்க்க வருவதாகத் தகவல் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை யோகராணி கடைக்கு வந்தா. இம்முறை வானொலி கொண்டுவரவில்லை.

“அப்பா வேண்டாம் எண்டால் அடுத்த மாதம் வவுனியா மச்சானுக்குப் பேசி முடிச்சுப்போடுவினம். விளங்குதோ?”

“விளங்குது.”

“ரேடியோ திருத்துறன் எண்டு மட்டும் சொல்லுங்கோ. உந்த ராடர் கதையை எடுக்கவே கூடாது.”

“எடுக்கமாட்டன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

சத்தியத்தை நான் காப்பாற்றினேன். மறுநாள் நான் வாய் திறக்கவில்லை. கருவிதான் திறந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணியிருக்கும். அம்மா அயல் வீட்டில் இரவல் வாங்கிய இரண்டு கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தா. கருப்பையா டைனமோ சுற்றிக்கொண்டிருந்தார். நான் புதுச் சட்டையோடு நின்றேன். அப்போதுதான் முதலாவது விளக்கு எரிந்தது. இரண்டு. மூன்று. ஐந்து. ஆறு. எட்டு! ஹோர்ன் அலறியது.

“அண்ணே! முழிச்சிருச்சு!” என்று கத்தினார் கருப்பையா.

“கிபிர்! கிபிர்! எல்லாரும் பங்கருக்கை இறங்குங்கோ!” என்று நான் ஒழுங்கையை நோக்கிக் கூவினேன். அயல் வீடுகளில் சட்டி விழுந்தது, கதவு அடிபட்டது, எல்லோரும் ஓடினார்கள். அவ்வேளை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதன்மேல் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. வருங்கால மாமனாரென்று தெரிந்தும் தயங்கவில்லை. தோளைப் பிடித்து இழுத்தேன். மோட்டார் சைக்கிள் சரிந்து விழுந்து, இயந்திரம் நின்றது. அவரைப் பங்கருக்குள் முதலாவதாக இறக்கினேன். பின்னால் அம்மா, கருப்பையா.

ஆறு வார மழையில் எங்கள் பங்கர் ஒரு சிறு குளமாகியிருந்ததை நான் மறந்துவிட்டேன். உள்ளேயிருந்து முதலில் தவளைகள் வெளியே வந்தன.

அடுத்து அம்மாவின் குரல் கேட்டது. “வாங்கோ, வாங்கோ. இருங்கோ.”

“எங்கை இருக்கிறது பிள்ளை? இடுப்பளவுக்குத் தண்ணி!” என்றார் சின்னத்துரையர்.

நான் இறங்கவில்லை. வாயிலருகே நின்று, கதவினூடாகத் தெரிந்த என் எட்டுச் சிவப்பு விளக்குகளையே பார்த்தேன். இந்தப் பாழ்பட்ட கச்சான் புத்தகம், இந்தப் பால்மா ரின், இந்த என் கைகள்! விளக்குகள் மங்கி ஒவ்வொன்றாக அணைந்தன. விமானம் வழிமாறிப் போய்விட்டது என்று அறிவித்தேன்.

சேற்றோடு மேலே வந்த சின்னத்துரையர் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, எனக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லையே.”

“கேக்காது ஐயா. காதுக்குக் கேக்க முந்திக் கருவிக்குக் கேக்கும்.”

சத்தியம் பண்ணியது நினைவுக்கு வந்தது. ஆனால் வினாவுக்கு விடை சொல்வது கதை எடுப்பதாகாது என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன். அவர் உள்ளே வந்து பிஸ்கட் ரின்னைத் தொட்டுப் பார்த்தார். அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார். துடிப்பு என்றேன், தருக்க வாயில் என்றேன், துடிப்பெண்ணி என்றேன். தேநீர் ஆறிப்போனது.

“ஆர் படிப்பிச்சது?”

“நானே படிச்சனான்.”

“கெட்டிக்காரன்,” என்று அம்மாவின் பக்கம் திரும்பினார். “தை மாதத்திலை ஒரு நாளைப் பாப்பம் பிள்ளை.” அம்மா சீலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தா. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அவர் விடைபெற்றுப் போய் மோட்டார் சைக்கிளை நிமிர்த்தினார். பெற்றோல் கிடைக்காத காலமென்பதால் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆரம்பிப்பதற்கு மட்டும் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விடுவார்கள். அவரும் விட்டார். உதைத்தார்.

ஹோர்ன் அலறியது.

“கிபிர்!” என்று நான் பாய்ந்தேன். மோட்டார் சைக்கிள் மறுபடி விழுந்தது. அவரை முதலில் இறக்கினேன். இம்முறை வழி தெரிந்தவராகையால் விரைவாகவே இறங்கினார். நான் மறுபடியும் மேலே நின்று விளக்குகளை இரசித்தேன். மறுபடியும் அமைதி. மறுபடியும் வெறும் வானம்.

அவர் இரண்டாம் தடவை உதைத்ததும் ஹோர்ன் அலற, எல்லோரும் பங்கரை நோக்கி ஓடினோம். அவர் மட்டும் ஓடவில்லை. ஒற்றை விரலை உயர்த்தினார். நாங்கள் நின்றோம். இயந்திரத்தை நிறுத்தினார். ஹோர்ன் நின்றது. உதைத்தார். அலறியது. நிறுத்தினார். நின்றது. முப்பது வருடம் மதகுகளைத் திறந்து மூடிப் பார்த்த மனிதர். ஒன்றைத் திறந்தால் எது பாயும் என்று அவருக்குத் தெரியும்.

பங்கர் படியில் ஒரு காலோடு நின்ற கருப்பையா கேட்டார்: “அண்ணே, இறங்கவா, ஏறவா?”



“தம்பி,” என்றார் சின்னத்துரையர்.

“சொல்லுங்கோ ஐயா.”

“உம்மடை மிசினுக்குக் கிபிரைத் தெரியாது போலை கிடக்கு.”

நான் பிஸ்கட் ரின்னின் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“அது எனக்குத்தான் பயப்பிடுது.”

மோட்டார் சைக்கிளின் தீப்பொறியும் ஒரு வானொலித் துடிப்புத்தான். ஒவ்வொரு பொறியும் என் அதிவேகச் சுற்றுக்குள் நூறு துடிப்பாகப் புகுந்தது. எங்கள் ஒழுங்கையில் ஓடியவை சைக்கிள்கள். இடையிடையே உழவு இயந்திரம் வந்தாலும் டீசலில் ஓடும் அதற்குத் தீப்பொறி கிடையாது. ஆறு வாரத்தில் வந்த முதலாவது பொறி, என்னைப் பார்க்க வந்த மாமனாருடையது. இதையெல்லாம் பதினோராம் அத்தியாயம் விரிவாகவே சொல்லியிருக்கும். மல்லாவி மக்கள் அதில் கச்சான் தின்று முடித்திருந்தார்கள்.

அவர் நான்காம் தடவை உதைத்தார். ஹோர்ன் அலற, அடுத்த வீட்டு வேலிக்கு மேலால் ஒரு குரல் கேட்டது: “என்ன, திரும்பவும் வருதோ?”

“இல்லை, நான் போறன்!” என்று பதில் சொல்லிவிட்டுச் சேற்று வேட்டியோடு போனார். ஒழுங்கை முடிவிலுள்ள மதகைத் தாண்டும்வரை ஹோர்ன் அவரை வழியனுப்பியது. பற்றறியைக் கழற்ற எனக்குத் தோன்றவேயில்லை.

அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் கடைப் பலகையை இறக்கிக் கவிழ்த்து வைத்தேன். திங்கட்கிழமை யோகராணி வந்தா. வவுனியா மச்சானின் பெயரைக் கேட்க ஆயத்தமாகத் தலையைக் குனிந்தேன்.

“அப்பா ஓமெண்டிட்டார்.”

நான் நிமிர்ந்தேன்.

“‘மிசின் பொய் சொல்லிச்சுது, பொடியன் சொல்லேல்லை’ எண்டவர். கிபிர் எண்டு மனசார நம்பி, எல்லாரையும் முதலிலை இறக்கிப்போட்டு நீங்கள் மேலை நிண்டனீங்களாம். ‘அப்பிடிப்பட்டவனிட்டை என்ரை பிள்ளையை விடலாம்’ எண்டவர்.”

நான் வாயைத் திறந்தேன். மேலே நின்றது விளக்கைப் பார்க்க என்று சொல்லத்தான் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். இந்தக் கட்டுரை வரை திறக்கவில்லை.

கருவி சீதனம்போல எங்களோடு புதுக் குடித்தனத்துக்கு வந்தது. உண்மையான விமானங்கள் பின்னர் வந்தன. அவற்றுக்கு அது வாயே திறக்கவில்லை, நாய்கள்தான் முந்திக்கொண்டன. ஆனால் மாமா எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினால் ஒருமுறையாவது தவறியதில்லை. ஹோர்ன் கேட்டதும் மனைவி அடுப்பில் தண்ணீர் வைப்பா. மாமா கதிரையில் அமரும்போது தேநீர் கையில் இருக்கும். உலகிலேயே மாமனாருக்கென அமைக்கப்பட்ட முதலாவது முன்னெச்சரிக்கை வாங்கி அதுவாகவே இருக்க வேண்டும்.

இப்போது மாமாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. மோட்டார் சைக்கிளும் இல்லை, கருவியும் இல்லை. என் மகள் எங்கள் தொலைபேசியில் அவருடைய அழைப்புக்கு மட்டும் அதேபோன்ற ஹோர்ன் சத்தத்தை ஏற்றி வைத்திருக்கிறாள். அது அலறினால், “அப்பா, அம்மப்பா வாறார், பங்கருக்கை இறங்குங்கோ!” என்று வீடே கூவும்.

போன கிழமை அது அலறியது. இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த துணிவில், அன்று மேலே நின்ற காரணத்தை மாமாவிடம் ஒப்புக்கொண்டேன். மறுமுனையில் மாமா இருமினார்.

“எனக்குத் தெரியும்,” என்றார். “கீழை நிண்டு பாக்க உம்மடை முகம் வடிவாத் தெரிஞ்சது. பயந்தவன்ரை முகமே அது?”

“அப்ப ஏன் மாமா ஓமெண்டனீங்கள்?”

“நான் வந்ததுக்கு அவ்வளவு சந்தோசப்பட்ட மனிசனை நான் அதுக்கு முன்னமும் காணேல்லை, பின்னமும் காணேல்லை,” என்று சொல்லிவிட்டு மாமா தொலைபேசியை வைத்துவிட்டார்.