எருமைக்கு எடுத்த பஃபே டிக்கெட்

ஒரு காட்டில், புலி காலி செய்துவிட்டுப் போன குகையை நரி வாங்கி, ஏசி மாட்டி, 'ஹரிதம்' என்று உயர்தர உணவகம் ஒன்றைத் திறந்திருந்தது. வாசலில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு. உள்ளே மங்கல் வெளிச்சம். தட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடக் கூடாது அல்லவா? வெளியே கேட்பாரற்று முளைத்திருந்த அதே புல்தான் உள்ளேயும். ஆனால் உள்ளே அதற்கு 'விடியற்காலைப் பனியில் விரலால் கிள்ளிய இளம் அருகு' என்று பெயர்.

அங்கேதான் கல்யாண நாளும் அதுவுமாகக் கோமளவல்லி என்ற எருமை, புருஷன் சடையாண்டியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். பஃபே கட்டணம் தலைக்கு ஒரு மாதப் பால் காசு. உட்காரும் முன்பே வாங்கிக்கொண்டார்கள். கொட்டில் பூராவும் தண்டோரா போட்டுவிட்டு வந்திருந்தாள் கோமளவல்லி. கட்டின காசுக்குச் சாப்பிடாமல் திரும்பினால் அத்தனை மாடும் கைகொட்டிச் சிரிக்கும். மாடுகளுக்குக் கையில்லை என்பதெல்லாம் அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

"இந்தா பாருங்க, முதல்ல கழுநீர் சூப் தருவான். தொட்டுடாதீங்க. வயித்த ரொப்பிவிடுற வேலை அது. புல்லு, வைக்கோல் பக்கம் தலையையே திருப்பக் கூடாது. நேரா பருத்திக்கொட்டை. அப்புறம் புண்ணாக்கு."

"தாகமா இருக்கே, கோமளம்."

"வீட்டுக்குப் போய்க் குட்டையில குடிச்சுக்கலாம். அது இனாம்."

நரி தொண்டையைக் கனைத்தது. விமானத்தில் பெல்ட் போடச் சொல்லும் குரலில், "அன்பான விருந்தினர்களே! உங்களுக்கு ஒன்றரை மணி நேரம். மணி அடித்த பின் உண்டால் இரண்டாவது விருந்தாகக் கருதப்படும். பார்சல் கிடையாது. மகிழ்ந்து உண்ணுங்கள்!" என்றது.

மகிழ எங்கே நேரம்? இரண்டு பேரும் மெல்லவே இல்லை. விழுங்கி விழுங்கி உள்ளே அடுக்கினார்கள். மெல்லுகிற வேலையைச் சாவகாசமாக வைத்துக்கொள்ளலாம். எருமையாகப் பிறந்ததில் இருக்கிற ஒரே லாபம் அதுதான். கொக்கு பதினோரு தடவை பருத்திக்கொட்டை நிரப்பியது. பன்னிரண்டாவது தடவை காலை மாற்றிக்கொண்டது.

மணி அடித்தது. கோமளவல்லி சோபாவில் சாய்ந்தாள். கண் பாதி மூடியது. தாடை தானாக அசைய ஆரம்பித்தது. ஆகா, ஜெயித்தாயிற்று!

"மேடம், வாயில் என்ன?" நரி பில் அட்டையோடு நின்றது.

"ஒண்ணுமில்லையே. அசை போடுறோம். அப்பவே சாப்பிட்டதுதான்."

"இப்போது மென்றால் இரண்டாவது விருந்து. தலைக்கு இன்னொரு கட்டணம்."

"சரி, வீட்ல போய் மென்னுக்கிறோம்."

"அது பார்சல், மேடம்." நரிக்கு அவ்வளவு வருத்தம். கொக்கு போய்க் கதவைச் சாத்தியது.

"யோவ், வயித்துல இருக்கிறது பார்சலாய்யா?" என்று எகிறினான் சடையாண்டி.

"உங்களுக்கு உள்ளே நாலு அறை, சார். நாலடுக்குக் கேரியர் கொண்டுவந்து நிரப்பியிருக்கிறீர்கள்."

கோமளவல்லிக்குக் கண் சிவந்தது. மென்றாலும் காசு, மெல்லாமல் போனாலும் குற்றம். இரண்டு மாதப் பால் வயிற்றில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது.

"உன் பருத்திக்கொட்டையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்தா, நீயே வெச்சுக்க!" என்று வாயிலிருந்ததை வெள்ளித்தட்டில் துப்பினாள். தொப்பென்று விழுந்தது. சுற்றிலும் நுரை. மேலே லேசாக ஆவி.

பக்கத்து மேசை மயில் செல்போனைத் தூக்கியது.

"எக்ஸ்க்யூஸ் மீ! அது என்ன டிஷ்? எங்க டேபிளுக்கு வரவே இல்லையே?"

நரி அரை நொடிகூட யோசிக்கவில்லை. "இருமுறை பக்குவம் செய்த பருத்திக்கொட்டை நுரை, மேடம். மெனுவில் போடுவதில்லை. கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்."

மயில் அலகு நுனியால் தொட்டு நக்கியது. கண்ணை மூடியது. "வாவ்... இதுல ஒரு கோபம் தெரியுது. யாரு செஃப்?"

அடுத்த நிமிடம் பதினான்கு மேசையிலிருந்தும் கை உயர்ந்தது. நரி பில் அட்டையை வாலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தது. இப்போது மேடம் அக்கா ஆகியிருந்தாள்.

"அக்கா, உள்ளே இன்னும் எவ்வளவு இருக்கு?"

மறுநாளே கோமளவல்லியின் இரண்டு கொம்புக்கும் நடுவே வெள்ளைத் தொப்பி ஏறியது. மூன்று வேளையும் பருத்திக்கொட்டை இனாம். துப்பத் துப்பச் சம்பளம். சடையாண்டியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். அவன் துப்பியதில் கோபம் போதவில்லை என்று நரி கழித்துவிட்டது.

அடுத்த கல்யாண நாளுக்குப் பெண்டாட்டியோடு இருக்க வேண்டும் என்று சடையாண்டி முழுக் கட்டணம் கட்டி, கழிவறைக்குப் பக்கத்து மேசையில் ஒரு மணி நேரம் காத்திருந்தான். மூங்கில் முறம் அளவு தட்டு வந்தது. நடுவில் ஒரு சொட்டு நுரை.

"கோமளம், என்னடி இது, இத்துனூண்டு!"

கோமளவல்லி தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"வயிறு ரொம்பணும்னா வெளியே புல்லு இருக்கு, சார்," என்றாள்.

நீதி: விழுங்குகிறவருக்கு பில் வரும், துப்புகிறவருக்குச் சம்பளம் வரும்.